எனக்குப் போட்ட கோடு

எங்கள் எஸ்டேட்டில் கோடு என்றால் ஒன்றுதான். வேலைக்கு வராத ஆளின் பெயருக்கு நேராக, கணக்கு எழுதுகிற ரைட்டர் ஆள் நோட்டில் இழுப்பது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கோடு விழுந்தால் கூப்பிட்டுக் கேட்பார். மாதம் முழுக்க விழுந்தால் அடுத்த மாத நோட்டில் அந்தப் பெயரே இருக்காது.

போன ஆவணியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு பெண் குரல், "இந்த அண்ணனுக்குக் கோடு தப்பாப் போட்டிருக்குதுங்க டாக்டர்" என்றது. கதவு இடுக்கில் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையில் இருந்தது என் சீட்டு. என் பெயரை எடுத்துவிட்டார்கள், இனி மாத்திரை கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

பக்கத்தில் இருந்த மனைவியிடம், "எந்திரி, போலாம்" என்றேன்.

"மாத்திரை வாங்கலீங்களே."

"நமக்குக் கோடு போட்டுட்டாங்க."

அவளும் எஸ்டேட்டில் காப்பி பறிக்கிறவள். அவளுக்கும் அந்தக் கோடுதான் தெரியும். "ஒரு மாசம் தவறுனமா? அதெப்படிப் போடுவாங்க?" என்று எழுந்தாள். வெளியே போகவில்லை. உள்ளே போனாள், சண்டைக்கு.

அப்படித்தான் அந்தப் பெண் எங்களுக்குப் பழக்கம். ஆஸ்பத்திரியில் சீட்டுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. சேலத்தில் இருந்து தினமும் பஸ் ஏறி வருகிறது.

"அது வேற கோடுங்க்கா" என்றது. "இங்கிலீஷ் கோடு. ஒவ்வொரு நோவுக்கும் ஒரு நம்பர் உண்டு. டாக்டர் எழுதுன நோவப் பார்த்து அந்த நம்பரைப் போடறது என்ற வேல."

"அப்ப அழிக்கிற கோடு இல்லீங்களா அம்மிணி?"

"அழிக்கறதுக்கா தினமும் இருபது கொண்டை ஊசியிலயும் வாந்தி எடுத்துக்கிட்டு மேல வர்றேன்?"

டாக்டர் சிரிக்கவில்லை. மனநோவு பார்க்கிற டாக்டர் அவர். மாதத்தில் ஒரு நாள்தான் மலைக்கு வருவார். மதியம் ஒரு மணிக்கு இறங்கிவிடுவார். என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவருக்கு முதல் தடவைன்னுதானே சொன்னாங்க. நல்லாத் தேறிட்டாரு. இன்னைக்கு மாத்திரையக் குறைச்சு, அடுத்த மாசம் நிறுத்தலாம்னு இருந்தேன்" என்றார். பிறகு அந்தப் பெண்ணிடம், "நல்லா விசாரிச்சுட்டுக் கூட்டிட்டு வாங்க. ஒரு மணிக்குள்ள" என்றார்.

மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்த ஒரு மணிக்குள் தெரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

நான் மாரமங்கலம் பக்கம். அஞ்சாவது வரைக்கும் படிப்பு. மிளகு ஏறுகிற வேலை. சில்வர் ஓக் மரத்தில் கொடி போகிற உயரத்துக்கு மூங்கில் ஏணி சாத்தி, தோளில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். மிளகு இல்லாத மாதங்களில் காப்பிச் செடிக்குக் கவாத்து, நிழல் மரத்துக்குக் கிளை கழிப்பு. சொந்தமாகக் கொஞ்சம் காடு உண்டு. ராகி போடுவோம், சாமை போடுவோம். ஒரு மகள். சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

முதல் தடவை வந்தபோது அவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காமாலை வந்து தெளிந்திருந்தது. உடம்பு தேறிவிட்டது. ஆள் தேறவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சோற்றுத் தட்டு முன்னால் இருக்கும். கைக்கும் தட்டுக்கும் நடுவில் நொம்ப தூரம் இருக்கிற மாதிரித் தெரியும். அழுகை இல்லை. துக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எதுவுமே இல்லாமல் இருப்பதுதான் அந்த நோவு. ஊரில் காமாலை அசதி என்றார்கள். மகள்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அவளே என் பெயரைச் சொல்லிப் பதிந்தாள். மாத்திரை தின்றேன். சரியாயிற்று. நிறுத்தினார்கள்.

ரெண்டு வருஷம் கழித்து மறுபடி. அதற்கு முந்தின வாரம் சுடுகாட்டு வழியாக வந்திருந்தேன். அதனால் காத்து பட்டுவிட்டது என்றார்கள். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மனைவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சீட்டுப் போடுகிற இடத்தில் பெயர் கேட்டிருக்கிறார்கள். என் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். கல்யாணம் ஆனதில் இருந்து சொன்னதில்லை. "இவருதானுங்க" என்று என்னைக் காட்டியிருக்கிறாள். நானும் வாய் திறக்கிற நிலையில் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற எங்கள் ஊர் ஆள் ஒருத்தன், ஊரில் என்னைக் கூப்பிடுகிற பட்டப்பேரைச் சொல்லிவிட்டான். அதையே எழுதிவிட்டார்கள்.

மூன்றாம் தடவை போன வருஷம். இதைச் சோகை என்றார்கள். ரத்தம் இல்லை, ஈரல் வாங்கித் தின்னு என்றார்கள். மூன்று மாதம் ஈரல் தின்று பார்த்துவிட்டு, மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை ஆதார் கார்டு எடுத்துப் போனதால் கார்டில் இருக்கிற பெயரில் பதிந்தார்கள். கார்டில் என் பெயர் நீளம். மகள் சொன்ன பெயர் அதில் பாதி.

ஒவ்வொரு தடவையும் வேறு டாக்டர். ஒவ்வொருவரும் கேட்டார்கள், இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று. இல்லீங்க என்றோம். பொய் சொல்லவில்லை. முதலில் வந்தது காமாலை அசதி. அடுத்து வந்தது காத்து. அப்புறம் சோகை. எப்படி ஒன்றாகும்?

காட்டுவதற்குப் பழைய சீட்டும் கிடையாது. நோவு தெளிந்ததும் மனைவி எனக்குத் தண்ணீர் காய வைத்துத் தலைக்கு ஊற்றுவாள். ஊற்றி முடித்ததும் அந்த வெந்நீர் அடுப்பிலேயே ஆஸ்பத்திரிச் சீட்டையும் போட்டுவிடுவாள். சீட்டு ஊட்டில் இருந்தால் நோவும் இருக்கும் என்பாள். நான் தடுத்ததில்லை. அது எரிவதைப் பார்க்க எனக்கும் பிடிக்கும்.

ரெக்கார்டு ரூம் என்பது ஒரு சின்ன அறை. இரும்பு அலமாரி, ஒரு கம்ப்யூட்டர், ஜன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம். எங்களை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அந்தப் பெண் கேட்டது.

"ஏனுங்கண்ணா, நீங்க ஒரு ஆளா, மூணு ஆளா?"

"ஒரு ஆளுதானுங்க."

"இதுல மூணு ஆளா இருக்கீங்க. மொத ஆளுக்கு வயசு நாப்பத்தொண்ணு. ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவருக்கு நாப்பது. இப்ப வர்றவருக்கு நாப்பத்தாறு."

"நாப்பதுன்னு நாந்தானுங்க சொன்னேன்" என்றாள் மனைவி. "பார்த்தா நாப்பதுக்கு மேல தெரியலையேன்னு."

"மூணு பேருக்கும் ஒரே போன் நம்பர். அது உங்களுதுங்களாக்கா?"

"என்றதுதான்."

"ஒரே ஊரு. ஒரே மாத்திரை. நேத்து இந்த நம்பரைப் பார்த்துட்டு, ஒரே ஊட்டுல மூணு பேருக்கு வந்திருக்குதேன்னு நான் பயந்தே போயிட்டேன். அப்புறந்தான் மூணு பேரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன், ஒண்ணு இன்னொண்ணுல பாதியா இருந்துச்சு." கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பியது. "மூணு பேரும் ஆளுக்கு ஒரு தடவ உழுந்து எந்திரிச்சிருக்காங்க. அதனால மூணு பேருக்கும் எஃப் முப்பத்திரண்டுன்னு கோடு. மனச்சோர்வு, ஒரு தடவ வந்ததுன்னு அர்த்தம். ஒரே ஆளுக்கு மூணு தடவன்னா அது முப்பத்தி மூணு. மறுபடி மறுபடி வர்றது."

மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "மூணு பேராவே இருந்துட்டுப் போகட்டும் அம்மிணி. ஆளுக்கு ஒண்ணாப் பங்கு போட்டுக்குவாங்க. ஒரே ஆளு தலையில மூணையும் எதுக்கு ஏத்தறீங்க?"

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னது. "முப்பத்திரண்டா இருந்தா இன்னைக்கு மாத்திரையக் குறைப்பாங்க. அடுத்த மாசம் நிறுத்திருவாங்க. முப்பத்தி மூணுன்னா ரெண்டு வருஷமாவது நிறுத்த மாட்டாங்க. ரெண்டு தடவயும் நிறுத்துன பொறவுதான் திரும்பி வந்திருக்குது. பாருங்க, ஐப்பசி, ஐப்பசி, ஐப்பசி."

நான் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் இருந்த மூன்று சீட்டிலும் நோவு தொடங்கினதாக எழுதியிருந்தது ஐப்பசிக் கணக்குக்குத்தான் வந்தது. மழை மூட்டம் இறங்குகிற மாதம். எனக்கு அது தெரியாது. நோவில் இருக்கிறவனுக்கு மாதம் ஏது? இப்போது ஆவணி. நடுவில் ஒரு மாதம்தான் இருந்தது.

"அப்ப முப்பத்தி மூணே போடுங்க" என்றேன்.

"நான் போட முடியாதுங்கண்ணா. டாக்டர் என்ன எழுதறாரோ அதுக்குத்தான் நான் நம்பர் போடலாம். எனக்கே தெரிஞ்சாலும் நானா மாத்தக்கூடாது. சந்தேகம் இருந்தா அவரைக் கேட்கலாம், அவ்வளவுதான். அவரு எழுதணும்னா நீங்க வாயத் தொறந்து சொல்லணும்."

அதுதான் முடியாத வேலை. ஆறு மாதமாக டாக்டர் எப்படி இருக்கீங்க என்று கேட்பார். பரவாயில்லீங்க என்பேன். அதற்கு மேல் எனக்கு வராது.

மனைவி என் கையைப் பிடித்தாள். "வேண்டாமுங்க. மறுபடின்னு எழுத வேண்டாம். எழுதி வெச்சா அது வந்துரும். பேப்பருல பேரு போட்டுக் கூப்பிடற மாதிரி ஆகிப்போகும்."

அந்தப் பெண் அவளோடு வாதாடவில்லை. மேசையில் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தது. "எழுதறதும் எழுதாததும் டாக்டர் பாடு. நான் கேட்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க்கா. மொத தடவ சரியான பொறவு, ரெண்டாவது வர்ற வரைக்கும் நடுவுல அண்ணன் நல்லா இருந்தாரா?"

"அதை எதுக்குக் கேக்கறீங்க?"

"கேட்டே ஆகணும். நடுவுல ரெண்டு மாசமாவது சுத்தமா நல்லா இருந்திருக்கணும். இல்லாட்டி மறுபடின்னு எழுத முடியாது. அது ஒரே நோவு இழுத்துக்கிட்டே கிடக்குதுன்னு ஆயிரும். போயிட்டு வந்தாத்தானுங்க மறுபடி?"

மனைவி என் கையை விட்டாள்.

"நல்லா இருந்ததையும் எழுதுவாங்களா?"

"அதுதான் முக்கியமா எழுதணும்."

அவ்வளவுதான். அவள் பேச ஆரம்பித்தாள். இருபது வருஷத்தில் என்னைப் பற்றி அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"நல்லா இருந்தாரான்னா? ஒரு நாள் காட்டுமாடு ராகிக் காட்டுக்குள்ள வந்துருச்சுங்க. இம்மாம் பெரிசு. ஊரே ஊட்டுக்குள்ள பூந்துக்கிச்சு. இவரு தகரத்தைத் தட்டிக்கிட்டு அது பின்னால ஓடறாரு. நோவாளி செய்யற வேலையா அது?"

"எந்த வருஷங்க்கா?"

"காப்பி ரெண்டு தரம் பூத்துச்சு பாருங்க, அந்த வருஷம்."

அந்தப் பெண் பேனாவோடு முழித்தது. நான் வருஷத்தைச் சொன்னேன்.

"அப்புறம் பீரோ. மகளுக்குன்னு பீரோ வாங்கினோம். எங்க ஊட்டுக்கு வண்டி வராதுங்க. மேட்டுல தூக்கியாரணும். நாலு ஆளு வேணும். இவரும் என்ற தம்பியும் ரெண்டே பேரு தூக்கிட்டு வந்தாங்க. வர்ற வழியெல்லாம் எந்தம்பியத் திட்டிக்கிட்டே வந்தாரு. அந்தத் திட்டு இருக்குதே, அதைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுங்களா? திட்டறாருன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம்."

"திட்டுனதையும் எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க. தேர் இழுத்தப்ப வடத்தைப் புடிச்சாரு. மகளுக்குக் காலேசுக்கு இடம் கெடச்சப்ப எஸ்டேட் முழுக்க முட்டாய் குடுத்தாரு. எனக்குத்தான் மிச்சமில்லாம போச்சு."

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பீரோ நினைவு வந்தது. முட்டாய் கொடுத்தது மறந்தே போயிருந்தது. என்னை நானே நினைத்துப் பார்த்தால் சுவரைப் பார்த்து உட்கார்ந்த நாள்தான் வரும். நடுவில் இத்தனை மாதம் ஆளாக நடமாடியிருக்கிறேன் என்பது எனக்குக் கணக்கிலேயே இல்லை. அந்தப் பெண் கூட்டிச் சொன்னது. முதலுக்கும் ரெண்டுக்கும் நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல். ரெண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் அதைவிட அதிகம். மூன்று தடவை நோவில் கிடந்த மாதங்களைச் சேர்த்தால் அதில் பாதிகூட வரவில்லை.

மனைவி காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பார்த்தாள்.

"மூணு தரமும் போயிருக்குதுங்களே" என்றாள்.

"போயிருக்குதுங்க்கா."

"அப்ப எழுதிக்கட்டும்."

மணி பன்னிரண்டே முக்கால். டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். சின்ன வயசுக்காரர்தான். "சொல்லுங்கண்ணா, எப்படி இருக்கீங்க?" என்றார்.

"பரவாயில்லீங்க" என்றேன். வாய் பழக்கம்.

மனைவி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"மூணு தடவைங்க" என்றேன். "இது மூணாவது. ஒவ்வொரு தடவையும் வேற வேற பேரு சொன்னாங்க. ஒண்ணுதான் போலிருக்குது."

காகிதத்தைக் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். தேர் வடம் வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"மூணுல எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"

"இப்ப வந்ததுங்க."

"எந்த அளவுக்கு? சொல்லுங்க. அதையும் நான் எழுதணும்."

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்றும் நினைத்ததில்லை.

"தை மாசம். மிளகு பறிக்க ஏணி மேல இருந்தனுங்க. கொடி முடிஞ்சிருச்சு. இறங்கணும். ஏன் இறங்கணும்னு இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் அப்படி?"

"தெரியலீங்க. கீழ இருந்த ஆளு, சாக்கு ரொம்புச்சா இல்ல தூங்கிட்டயான்னு கத்துனான். இறங்கிட்டேன்."

"அதுக்கப்புறம் அப்படித் தோணுச்சா?"

"ரெண்டு மூணு தரம். மாத்திரை தின்ன ஆரம்பிச்ச பொறவு இல்லீங்க."

"இப்ப?"

"இல்லீங்க."

மனைவி என்னைப் பார்க்கவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். டாக்டர் அவசரப்படவில்லை. கீழே இறங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. சீட்டில் நிறைய எழுதினார். எழுதி முடித்துப் படித்தும் காட்டினார். மறுபடி வரும் மனச்சோர்வு, இது மூன்றாவது முறை, நடுவில் முழுக்க நலமாக இருந்தார், இந்த முறை கடுமை, மாத்திரை குறைக்க வேண்டாம். பிறகு மனைவியிடம் கேட்டார்.

"இவருக்கு நோவு ஆரம்பிக்கறப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல என்ன மாறும்?"

"டீ ஆறிப்போகுமுங்க" என்றாள். "கையிலயே வெச்சுக்கிட்டு இருப்பாரு. குடிக்க மாட்டாரு."

அதையும் எழுதினார். இரண்டு நாள் டீ ஆறினால் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், தான் வருகிற நாள்வரை காத்திருக்க வேண்டாம், அந்த ஏணி நினைப்பு மறுபடி தலைகாட்டினால் அன்றைக்கே வர வேண்டும் என்றார். நான் ஒரு நோட்டு வாங்கி எப்படி இருக்கிறது என்று நாலு வரி எழுதி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். வாயில் வராதது கையில் வருகிறதா பார்க்கலாம் என்றார். அப்படிப் பழகினதுதான் இந்த எழுத்து.

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இருந்த மூன்று சீட்டையும் ஒரே நம்பரில் சேர்த்து ஒரு புத்தகமாகப் போட்டுக் கொடுத்தது. "அடுப்புல மட்டும் போட்டுறாதீங்க்கா" என்றது. ஊட்டுக்குப் போனதும் மனைவி அதை அரிசி டின்னுக்குள் வைத்தாள். எங்கள் ஊட்டில் அதுதான் பத்திரம் வைக்கிற இடம்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊரில் இறங்கி மேடு ஏறும்போது கேட்டாள்.

"எந்த மரம்?"

"பம்பு செட்டுக்கு மேல இருக்கறது. ரெட்டையாப் பிரிஞ்சது."

"அதுல இனி ஏறாதீங்க."

"சரி."

 

ரைட்டரிடம் நானே போய்ச் சொன்னேன். ஒரு சீசன் ஏணி வேண்டாம், காப்பி காயப் போடுகிற களத்தில் போடுங்க என்றேன். காரணம் கேட்டார். மனசு நோவு என்றேன்.

"உனக்கா? உனக்கு மனசு இருக்குதுன்னே இன்னைக்குத்தாண்டா தெரியுது" என்றார். பக்கத்தில் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். நான் நின்றேன். அவரும் சிரித்து முடித்தார். பிறகு குரலை இறக்கி, "எந்த ஆஸ்பத்திரி? என்ன கிழமை டாக்டர் வர்றாரு?" என்று கேட்டார். சொன்னேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. களத்தில் போட்டார்.

ஐப்பசி வந்தது. ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் வெயில் இல்லை. காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கின முதல் வாரம், களத்தில் காப்பியைப் புரட்டவும் முடியாது, மூடவும் முடியாது. ஏழாம் நாள் காலையில் டீ ஆறிவிட்டது. எனக்கு அது தெரியவில்லை. மனைவி டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றிவிட்டு வேறு டீ கொண்டுவந்தாள். மறுநாளும் ஊற்றினாள். மூன்றாம் நாள் காலையில் சேலையை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"கெளம்புங்க."

"ஒண்ணுமில்ல. மூட்டம், அதான்."

"ஒண்ணுமில்லைன்னு அங்க வந்து சொல்லுங்க."

அன்று மனநோவு டாக்டர் வருகிற நாள் இல்லை. அங்கே இருக்கிற டாக்டரம்மா புத்தகத்தைத் திறந்து பார்த்தார். முதலில் இருந்து கதை சொல்ல வேண்டி இருக்கவில்லை. எல்லாம் அதில் இருந்தது. சேலத்தில் இருந்த மனநோவு டாக்டருக்குப் போன் போட்டு ரெண்டு நிமிஷம் பேசினார். மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள். வாரம் ஒரு தடவை வரச் சொன்னார்கள்.

நோவு வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்து வாசலில் நின்றது. கார்த்திகை முழுக்க நின்றது. கால் கனமாக இருக்கும். களத்துக்குப் போகிற பாதை நீண்டு கிடக்கும். ஆனால் போனேன். தட்டுக்கும் கைக்கும் நடுவில் இருக்கிற தூரம் அந்தத் தடவை அவ்வளவு பெரிதாகவில்லை. மார்கழி முதல் வாரத்தில் ஒரு நாள், காப்பிக் குவியல் மேல் படுத்துக்கிடந்த நாயை விரட்டிக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். மனைவி பழம் சுமந்து வந்தவள் மூட்டையை இறக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னத்தைப் பார்க்கற?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க திட்டுங்க" என்றாள்.

தை கடைசியில் டாக்டர் நாள். நோட்டைக் கொடுத்தேன். சில பக்கத்தில் நாலு வரி இருக்கும், சில பக்கத்தில் 'இன்று பரவாயில்லை' மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் படித்தார். கேள்வி கேட்டார். தூக்கம், சாப்பாடு, ஏணி நினைப்பு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். யாரும் காலை மிதிக்கவில்லை. மாத்திரை அப்படியே இருக்கட்டும் என்று எழுதினார்.

ரெக்கார்டு ரூமுக்குப் போனோம். அந்தப் பெண் டாக்டர் எழுதினதைப் பார்த்துவிட்டுத் தட்டியது. "அண்ணனுக்கு நம்பர் கொஞ்சம் மாறியிருக்குதுங்க. முப்பத்தி மூணு புள்ளி நாலு."

"அது என்ன அம்மிணி, கூடவா கொறச்சலா?"

"நல்ல நம்பருங்க்கா. மறுபடி மறுபடி வர்ற நோவுதான், ஆனா இப்ப அடங்கியிருக்குதுன்னு அர்த்தம்."

"அடியோட போயிருச்சுன்னு ஒரு நம்பர் கெடையாதா?"

"இந்த வரிசையில கெடையாதுங்க. இருக்கறதுல இதுதான் மேல."

மனைவி கொஞ்சம் யோசித்தாள். "சரி, இதையே போடுங்க. மாத்திராதீங்க" என்றாள்.

டாக்டர் அடுத்த தடவை ரெண்டு மாதம் கழித்து வந்தால் போதும் என்று எழுதியிருந்தார். அதுவரை மாதம் தவறாமல் வந்தவர்கள் நாங்கள். மனைவி திரும்பவும் அவர் அறைக்குள் போய், "ஒரு மாசமே வெச்சுக்கலாமுங்களே" என்று கேட்டுப் பார்த்தாள். தேவையில்லை, டீயை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஏரிப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்தோம். கடையில் சுட்ட சோளம் வாங்கினாள். உதிர்த்துத் தின்றுகொண்டே மாதத்தை எண்ணினாள்.

"ரெண்டு மாசம்னா பங்குனிக் கடைசி. நம்ம காட்டு மிளகு காயப் போட்டிருப்போம். ரெண்டு பேரும் வந்துட்டா யாரு பார்க்கறது? மழை கிழை வந்துச்சுன்னா அத்தனையும் போச்சு."

"நீ பாரு. நான் மட்டும் வந்துட்டுப் போறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவீங்க? பரவாயில்லீங்கன்னா?"

"கேக்கறதுக்கெல்லாம் சொல்லுவேன்."

சோளக் கட்டையைத் தூக்கிப் போட்டாள். கையைத் துடைத்தாள். "சொல்லுவீங்க, சொல்லுவீங்க" என்றாள். பிறகு, "அப்ப மிளகு புரட்ட என்ற தம்பியக் கூப்பிட்டுக்கறேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

மாரமங்கலம் பஸ் வந்தது. நல்ல கூட்டம். அவளை முன்னால் ஏற்றிவிட்டு நான் பின் படியில் ஏறினேன்.